செகண்ட் ஹேண்ட் ட்ரையத்லான் சைக்கிள் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் பந்தயத்துக்கான சைக்கிள், ஓட்டுபவரை ஒரே ஒரு நிலையில் உட்கார வைப்பதற்காகச் செய்யப்பட்டது. முழங்கைகள் மெத்தையில் படிந்திருக்கும், கைகள் முன்னால் நீளும் இரண்டு குழாய்களைப் பிடித்திருக்கும், முதுகு தாழ்ந்து இடுப்பு முன்னே வந்திருக்கும். அந்த நிலை உங்கள் உடம்புக்குப் பொருந்தினால் பத்து வருடப் பழைய சைக்கிள்கூட நன்றாக உழைக்கும். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வீட்டுச் சுவரில் சாய்ந்தே நிற்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அளவு. பிராண்டும் எடையும் கியரும் அதற்குப் பிறகுதான்.

படி 1: உங்களுக்கு இது தேவைதானா?

ட்ரையத்லானில் சைக்கிள் தூரம் ஸ்பிரின்ட்டில் 20 கி.மீ., ஒலிம்பிக் தூரத்தில் 40, அரை அயர்ன்மேனில் 90, முழு அயர்ன்மேனில் 180. தூரம் கூடக் கூடத்தான் இந்தச் சைக்கிளின் பலன் கண்ணுக்குத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, சமதளம், காற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரோடு சைக்கிளின் பிரேக் பிடியில் கை வைத்து ஓட்டும்போது காற்றை எதிர்கொள்ளும் பரப்பு (வடிவத்தின் தாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது) 0.36 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 30 கி.மீ. போக ஏறக்குறைய 158 வாட் வேண்டும். அதில் 125 வாட் காற்றைத் தள்ளவே போய்விடும். நன்றாகப் பொருந்திய ட்ரையத்லான் சைக்கிளில் அந்தப் பரப்பு 0.28 ஆகக் குறைந்தால், அதே 158 வாட்டில் வேகம் 32.4 கி.மீ. ஆகும். 20 கி.மீ. பந்தயத்தில் மிச்சமாவது 3 நிமிடம். 180 கி.மீ. பந்தயத்தில் 27 நிமிடம்.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. ரோடு சைக்கிளிலேயே கிளிப்-ஆன் ஏரோ பார் (முன்னே நீளும் குழாய்களும் முழங்கை மெத்தையும் சேர்ந்த, தனியாகப் பூட்டும் பார்) பூட்டி, பரப்பை 0.30-க்குக் கொண்டுவந்தால் 180 கி.மீ.-ல் 20 நிமிடம் மிச்சமாகும். ஆதாயத்தில் பெரும் பகுதி கை வைக்கும் நிலையிலிருந்துதான் வருகிறது, ஃபிரேமிலிருந்து அல்ல. 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளில், 24.5 கி.மீ. டைம் ட்ரையலில் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் சுற்று) கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கல் முழுவதையும் ஈடுகட்டி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றபோது அவர் கைக்குக் கீழே இருந்தது ட்ரையத்லான்காரர்களிடமிருந்து வந்த ஏரோ பார். எதிராளி லோரான் ஃபின்யோன் அதைப் பயன்படுத்தவில்லை.

அப்படியானால் தனியாக ஒரு சைக்கிள் எதற்கு? ரோடு சைக்கிளில் சீட் குழாய் தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 73 டிகிரி சாய்வு. முன்பக்கத்தைத் தாழ்த்தினால் ஒவ்வொரு மிதியிலும் தொடை வயிற்றை நெருக்கும், மூச்சு முட்டும். ட்ரையத்லான் சைக்கிளில் சாய்வு 76 முதல் 80 டிகிரி வரை இருக்கும். இடுப்பு முன்னே நகர்வதால் முதுகு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி இருக்கும். மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் அதே நிலையில் தாக்குப்பிடிக்க அந்த இடைவெளிதான் உதவுகிறது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு ஸ்பிரின்ட் மட்டும் போகிறவர் கிளிப்-ஆன் பாரோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களிடம் இருக்கப்போவது ஒரே சைக்கிள் என்றால் அது ரோடு சைக்கிளாக இருப்பதே நல்லது. ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. அதனால் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டும்போதோ, நெரிசலான சாலையிலோ, வளைந்து இறங்கும் மலைப்பாதையிலோ அந்த நிலைக்குப் போகவே கூடாது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் பந்தயங்களில் ட்ரையத்லான் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் மட்டுமே உள்ள டைம் ட்ரையல் பந்தயங்களுக்கும் போக நினைத்தால், யுசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) விதிக்கு உட்பட்ட ஃபிரேமா என்று பாருங்கள். ட்ரையத்லானுக்கென்றே செய்த பல ஃபிரேம்கள் அந்த விதிக்குள் வராது.

90 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பந்தயம் உங்கள் திட்டத்தில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு முறையாவது நேரான, வண்டி குறைந்த சாலை கிடைக்கும் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: சைக்கிளைத் தேடும் முன் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். "54 சைஸ், எனக்குச் சரியாக இருக்கும்" என்று போகிறார்கள். ஒரு நிறுவனத்தின் 54-ம் இன்னொரு நிறுவனத்தின் 54-ம் ஒன்றல்ல. ஒப்பிட உதவுவது ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள்தான். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கக் குட்டைக் குழாய்) மேல் விளிம்பு வரை செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையே கிடைமட்டத் தூரம் ரீச்.

உங்கள் பக்கத்திலிருந்து மூன்று எண்கள் வேண்டும். சீட் உயரம் ஒன்று. கிராங்க் நடுப்புள்ளியிலிருந்து முழங்கை மெத்தையின் மேற்பரப்பு வரை செங்குத்து உயரம் இரண்டாவது. அதே புள்ளியிலிருந்து மெத்தையின் நடு வரை கிடைமட்டத் தூரம் மூன்றாவது. பைக் ஃபிட்டிங் செய்பவரிடம் போனால், எந்தச் சைக்கிளையும் வாங்குவதற்கு முன்பே இந்த மூன்றையும் எழுதித் தருவார். இந்த முழு முயற்சியிலும் மிக உருப்படியான செலவு அதுதான்.

வீட்டிலேயே தோராயமாக அளக்கவும் முடியும். ரோடு சைக்கிளில் கிளிப்-ஆன் பார் பூட்டி ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஏற்றி, சீட்டை முன்னே தள்ளி, 20 நிமிடம் மிதித்தபடி பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். தோள் இறுகாமல், மேல் கை ஏறக்குறைய செங்குத்தாக, முழங்கை 90 டிகிரியிலோ சற்று விரிந்தோ இருக்க வேண்டும். கழுத்தை வளைக்காமல் முன்னால் சாலை தெரிய வேண்டும். அந்த நிலை பிடித்ததும் ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டு அளவெடுங்கள்.

இனி விற்பனைக்கு வரும் சைக்கிளின் அளவு அட்டவணையைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் ஒவ்வொரு சைஸிலும் மெத்தை எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு உயரம் வரை வரும் என்று வெளியிட்டிருக்கின்றன. உங்கள் எண் அந்த எல்லைக்கு நடுவில் விழ வேண்டும். மேல் எல்லையில் விழுந்தால் மெத்தைக்கு அடியில் ஸ்பேசரை (உயரம் கூட்டும் வளையங்களை) கோபுரம் போல அடுக்க நேரும், பார் ஆடும். கீழ் எல்லையில் விழுந்தால் உடம்பு பழகிய பிறகு இன்னும் தாழ்த்த வழி இருக்காது. உயரம் கூடின ஃபிரேமை எதைச் செய்தும் தாழ்த்த முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. அட்டவணை புதிய சைக்கிளுக்கானது. பழைய உரிமையாளர் தன் நிலைக்கு ஏற்றபடி ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) தண்டின் மேல் முனையை வெட்டியிருப்பார். வெட்டின தண்டை நீட்ட முடியாது, ஃபோர்க்கையே மாற்ற வேண்டும். முன்னால் நீளும் எக்ஸ்டென்ஷன் குழாய்களும் வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் பொதுவான 22.2 மி.மீ. குழாயாக இருந்தால் மாற்றுவது சுலபம். "தண்டு வெட்டியிருக்கிறதா, ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மி.மீ. ஸ்பேசர் இருக்கிறது?" என்பதைத் தொலைபேசியிலேயே கேளுங்கள். பாரை ஃபோர்க் தண்டோடு இணைக்கும் பாகம்தான் ஸ்டெம்.

படி 3: எந்தத் தலைமுறைச் சைக்கிள்?

பழைய மாடல்களில், குறிப்பாகச் சிறிய சைஸ்களில், 650சி சக்கரம் இருக்கும். டயர் ஓரத்தில் 571 என்ற எண் இருந்தால் அது 650சி, 622 இருந்தால் 700சி. 650சி-க்கு டயரும் சக்கரமும் தேடி அலைய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கலாம்.

சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கா, அச்சருகே உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா என்பது அடுத்த கேள்வி. ரிம் பிரேக் ஃபிரேமை டிஸ்க்குக்கு மாற்ற முடியாது. சந்தை டிஸ்க் பக்கம் போய்விட்டதால் ரிம் பிரேக் சைக்கிள் மலிவாக வரும். பெரும்பாலும் சமதளத்தில் ஓட்டும் அமெச்சூருக்கு அது நல்ல பேரம்தான். ஆனால் காற்றிலிருந்து மறைக்க ஃபோர்க்குக்குள்ளும் கிராங்குக்கு அடியிலும் பிரேக்கைப் பொருத்திய மாடல்களில் கவனம் தேவை. கிராங்குக்கு அடியில் இருக்கும் பிரேக் சேறும் தண்ணீரும் குடிக்கும், சரிசெய்யக் கை நுழையாது. அந்தக் கால ஃபிரேம்கள் 23 அல்லது 25 மி.மீ. டயருக்கானவை. இன்றைய அகல ரிம் அதில் உரசும். பின் சக்கரம் பின்பக்கமாக வெளியே வரும் சில ஃபிரேம்களில், சீட் குழாய்க்கும் டயருக்கும் இடைவெளி மிகக் குறைவு. டயரில் காற்றை இறக்கினால்தான் சக்கரமே கழலும். பஞ்சர் ஒட்டும் வரிசையே மாறிவிடும் என்பதால் நேரில் பார்க்கும்போது ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த உதிரிபாகங்கள். சீட் போஸ்ட், அதை இறுக்கும் ஆப்பு, ஸ்டெம், பேஸ் பார் (பிரேக் பிடி இருக்கும் வெளிப்பக்கக் கைப்பிடி), பிரேக் மூடி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் எல்லாம் அந்த நிறுவனத்தின் தனி வடிவமாக இருக்கும். நிறுவனம் அதை நிறுத்திவிட்டால் ஒரு சின்ன ஆப்பு உடைந்ததற்காக முழு ஃபிரேமும் முடங்கும். சைக்கிளைப் பார்க்கக் கிளம்பும் முன்பே ஹேங்கரும் சீட் போஸ்ட் ஆப்பும் எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வட்டமான 31.8 மி.மீ. பார் பிடிக்கும் சாதாரண ஸ்டெம் உள்ள சைக்கிள் பார்க்க அத்தனை அழகாக இருக்காது. ஆனால் முதல் ட்ரையத்லான் சைக்கிள் வாங்குபவருக்கு அதுவே சிறந்தது, ஏனென்றால் முதல் வருடத்தில் பார் உயரத்தை நான்கைந்து முறையாவது மாற்றுவீர்கள்.

மின் கியர் இருந்தால் எத்தனை கியர் என்று கேளுங்கள். ஷிமானோவின் முதல் 10 கியர் டூரா-ஏஸ் டிஐ2-வின் வயரிங் பின்னால் வந்தவற்றோடு சேராது. ஒரு பாகம் போனால் எல்லாமே போன மாதிரிதான்.

படி 4: நேரில் பார்க்கும்போது

2 முதல் 8 மி.மீ. வரை ஆலன் கீ, நட்சத்திர வடிவ டி25 கீ, டேப், டார்ச், ஒரு நாணயம், ஈரத்துணி எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சைக்கிள் அழுக்காக இருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கிராங்குக்கு அடியில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, திருட்டுப் பதிவு எதிலாவது இருக்கிறதா என்று பார்ப்பதோடு பில்லையும் கேளுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

முதலில் முன்பக்கம். ட்ரையத்லான் சைக்கிளை அரிப்பது மழையை விட வியர்வைதான். ஏரோ நிலையில் முகம் நேராக ஸ்டெம்முக்கு மேலே இருக்கிறது. நெற்றியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் ஸ்டெம் போல்ட்டிலும் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) மூடியிலும் மெத்தைத் திருகிலும் விழுகிறது. இரு கைகளுக்கு நடுவே கட்டிய பாட்டிலிலிருந்து சிந்தும் சர்க்கரைத் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது. வீட்டுக்குள் ட்ரெய்னரில் ஓட்டும்போது காற்று இல்லாததால் ஒரு சொட்டு கூட வெளியே போகாது. "ட்ரெய்னரில் மட்டும்தான் ஓட்டினேன், சாலைக்கே போகவில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், முன்பக்கத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

ஒவ்வொரு போல்ட்டின் தலைக்குள்ளும் டார்ச் அடியுங்கள். துரு பிடித்து ஆறு மூலையும் மழுங்கியிருந்தால் அந்த போல்ட் கழலாது, துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். பேஸ் பார் அலுமினியமாக இருந்தால், பிடிக்கும் முனையில் டேப்பைக் கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடியும் குழிகளும் தெரிந்தால் அந்தப் பார் கணக்கில் வராது, மாற்றியே ஆக வேண்டும். அரித்த பார் வேகத்தில் போகும்போது சட்டென்று ஒடியும், உங்கள் மேலுடம்பின் எடை முழுவதும் அதன் மேல்தான் இருக்கும்.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேர் நிலையில் மட்டும் "டக்" என்று பள்ளத்தில் விழுவது போல உட்கார்ந்தால் ஹெட்செட் பேரிங் போய்விட்டது. திரும்பும் தூரம் முழுக்க ஒரே சீராக இழுவை இருந்தால் அது உள்ளே போகும் கேபிளின் இறுக்கம், பயப்பட வேண்டியதில்லை.

கார்பன் ஃபிரேமில் விரிசல் தேட வேண்டிய இடங்கள் சில. சீட் போஸ்ட் இறுக்கும் இடம், ஃபோர்க்கின் உள்பக்கம், கிராங்க் பெட்டியைச் சுற்றி, செயின் நழுவி அடித்திருக்கக்கூடிய வலது செயின்ஸ்டே (கிராங்கிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்), கீழே விழும்போது பேஸ் பார் சுழன்று வந்து மோதும் டாப் டியூபின் (மேல் குழாயின்) முன்பகுதி, ட்ரெய்னர் பிடித்திருந்த பின் அச்சுப் பகுதி. கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டாமல் போனால் பெரும்பாலும் பெயின்ட்டோடு நிற்கும் கீறல். நகம் மாட்டினால், நாணயத்தால் அந்த இடத்தைத் தட்டி, மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டிக் கேளுங்கள். குழாயின் கனம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இடதையும் வலதையும் ஒப்பிடுவதுதான் சரி. ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மொத்தென்றும் ஒலித்தால், அல்லது கட்டை விரல் அழுத்தத்துக்கு அமுங்கினால், அந்த ஃபிரேம் வேண்டாம். தட்டிப் பார்த்து எல்லா உள்விரிசலையும் கண்டுபிடிக்க முடியாது. கீழே விழுந்த கதை தெரியவந்தால் கார்பன் பழுது பார்ப்பவரிடம் காட்டிய பிறகே பணம் பேசுங்கள்.

சீட் போஸ்டைத் தளர்த்தி ஒரு செ.மீ. ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அசையவில்லையென்றால் உப்பில் ஒட்டிப்போயிருக்கிறது. விற்பவர் "அதெல்லாம் வந்துவிடும்" என்றாலும் நம்ப வேண்டாம், எடுக்கும்போது ஃபிரேமே உடைவதுண்டு.

செயினில் 24 கண்ணிகளின் நீளம், ஒரு ஊசியின் நடுவிலிருந்து இன்னொரு ஊசியின் நடு வரை, 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 1.5 மி.மீ. கூடியிருந்தால் 0.5 சதவீதத் தேய்மானம், செயினை மாற்ற வேண்டும். 3 மி.மீ. கூடியிருந்தால் பின் பல் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். கார்பன் ரிம் பிரேக் சக்கரம் என்றால் பிரேக் படும் பட்டையில் விரலை ஓட்டுங்கள். சூட்டில் கொப்புளம் எழுந்திருந்தால் விரலுக்குத் தெரியும். டயர் ரிம்மில் பசையால் ஒட்டிய டியூபுலராக இருந்தால், பழைய பசையை நம்பி ஓட்டாதீர்கள். ஆழமான ரிம் படத்தில் கண்ணைப் பறிக்கும், ஆனால் 80 மி.மீ. முன் சக்கரம் பக்கக் காற்றில் எடை குறைந்தவரை அலைக்கழிக்கும். முன்னால் 50 மி.மீ. போதும்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

உங்கள் சீட் உயரத்தை வைத்து, உங்கள் பெடலைப் பூட்டி, 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பேஸ் பாரில் கை வைத்து பிரேக்கைச் சோதியுங்கள். பிறகு வெறுமையான சாலையில் ஒரு கையாக இறக்கி ஏரோ நிலைக்குப் போங்கள். முதல் முறை யாருக்கும் சைக்கிள் துள்ளும், அது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு. முன்னே சறுக்குவது போலிருந்து கையால் உங்களைத் தாங்குகிறீர்களா, அடிக்கடி சீட்டில் பின்னே நகர்கிறீர்களா? இரண்டும் மெத்தை தூரம் தவறு என்பதன் அடையாளம். சீட் வலித்தால் அதற்காகச் சைக்கிளை ஒதுக்க வேண்டாம், சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அதிக விசையில் மிதிக்கும்போது கிராங்க் அடியில் கிறீச்சிட்டால் அழுத்திப் பொருத்திய பேரிங் தளர்ந்திருக்கலாம். சரிசெய்யக்கூடியது, ஆனால் விலையில் குறைக்க வேண்டியது.

படி 6: விலையைக் கட்டுவது

கேட்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு தாளில் அதோடு செயின், பல் சக்கரம், இரண்டு டயர், பிரேக் கட்டை, கேபிள், பார் டேப், ஹெட்செட் பேரிங், சீட், ஃபிட்டிங் கட்டணம் என்று தேவையானதை எல்லாம் கூட்டுங்கள். கேபிள் மலிவுதான். ஆனால் எல்லாம் ஃபிரேமுக்கு உள்ளே ஓடும் சைக்கிளில் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும், கூலிதான் பெரிது. உள்ளே ஹைட்ராலிக் பிரேக் குழாய் ஓடினால் பாரை மாற்றும்போது பிரேக் எண்ணெயையும் மறுபடி ஏற்ற நேரலாம். எந்தப் பழுதும் தெரியாத சைக்கிளுக்கும் கேட்கும் விலையில் கால் பங்கை ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

கூட்டுத்தொகை அதே தரத்துப் புதிய சைக்கிளின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் வாரன்ட்டி இல்லாத பொருளுக்கு அது அதிகம். விற்பவர் சக்கரத்துக்கும் பவர் மீட்டருக்கும் (மிதிக்கும் வாட்டை அளக்கும் கருவி) தனி மதிப்பு போட்டால், அவை இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். தேவையற்ற, முழுவதும் மூடிய டிஸ்க் சக்கரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஹவாய் அயர்ன்மேனில் நீண்ட காலம் அதற்கு அனுமதிகூட இல்லாமல் இருந்தது.

வாங்கிய பிறகு

முதல் சவாரிக்கு முன் முன்பக்கம் முழுவதையும் பிரித்து, போல்ட்டுகளைத் துடைத்து கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். கார்பன் சீட் போஸ்டுக்கு கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட் தடவி, ஃபிரேமில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். 50 கி.மீ. ஓடியதும் டேப் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். ஒவ்வொரு ட்ரெய்னர் சவாரிக்கும் ஸ்டெம் மேல் ஒரு துண்டு விரித்து வைத்து, முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மெத்தைத் திருகுகளைத் துடைத்துவிடுங்கள்.